கூடத்துக் கடலில் ஒரு போக்கிரி

கல்யாணமாகிக் கரமனைக்கு வந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் என்னை விழிஞ்ஞத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். புதுப் பெண்டாட்டியைக் கடற்கரைக்கு அழைத்துப் போகிறார் என்று நானும் நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டேன். அவர் கையில் இரண்டு பெரிய பிளாஸ்டிக் கேன்கள் இருந்தன. அங்கே போனதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாறைமேல் இறங்கினார். கேன்கள் நிறையக் கடல் தண்ணீர் மொண்டார். ஒன்றை அவர் தூக்கினார், மற்றதை நாங்கள் இருவருமாகத் தூக்கினோம். அவ்வளவுதான் அன்றைய உல்லாசப் பயணம்.

திரும்பி வரும்போது பஸ் கண்டக்டர் கேன்களைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"எந்தா சாரே இதில்? மண்ணெண்ணெயாணோ?"

"அல்ல, கடல் வெள்ளம்."

கண்டக்டர் அவரைப் பார்த்தார். பிறகு கழுத்தில் மஞ்சள் கயிறு காயாத என்னைப் பார்த்தார். "கல்யாணம் கழிஞ்ஞதல்லே உள்ளூ! அப்போழேக்கும் வீட்டில் உப்பு தீர்ந்நு போயோ?"

பஸ் முழுக்கச் சிரித்தது. நான் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். மலையாளம் அப்போது சுத்தமாக வராது. உப்பு என்ற ஒரு வார்த்தை மட்டும் புரிந்தது. எல்லாரும் சிரிக்கிறார்களே என்று நானும் சிரித்து வைத்தேன். அதற்குள் வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டதா என்று கேட்டார் என்பது கரமனையில் இறங்கி நடக்கும்போதுதான் தெரிந்தது.

அந்தத் தண்ணீர் எங்கள் கூடத்தில் இருந்த கண்ணாடித் தொட்டிக்கு. எழுபதுகளின் கடைசி அது. கடல் மீனை வீட்டில் வளர்ப்பது என்பதை அந்தத் தெருவில் யாரும் கேள்விப்பட்டதுகூட இல்லை. என் கணவர் ஒரு சர்க்கார் ஆபீஸில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தார். பகல் முழுக்க ஃபைலுக்குள் குனிந்திருக்கிற மனிதர், வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொள்வார். இரும்புச் சட்டமும் ஜன்னல் கண்ணாடியும் வாங்கி அவரே செய்த தொட்டி அது. ஓர் ஆள் படுக்கிற நீளம். உள்ளே விழிஞ்ஞத்திலிருந்து பொறுக்கி வந்த கற்களைக் குன்று மாதிரி அடுக்கியிருந்தார். அந்தக் கற்களில் பாசியும் சிப்பியும் ஒட்டியிருக்கும். காற்றே இல்லாமல் ஆடுகிற பூ மாதிரி ஒன்று இருந்தது. அது பூ இல்லை, பிராணி என்று நம்பவே எனக்குப் பல நாள் பிடித்தது. சங்கைத் தூக்கிக்கொண்டு நடக்கும் நண்டுகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மஞ்சள் மீன். தட்டையாக, கண்ணுக்குக் குறுக்கே மை தீட்டினாற்போல ஒரு கறுப்புப் பட்டையோடு இருக்கும். வலையில் சிக்கி வந்ததை ஒரு மீன்பிடிக்காரரிடம் கெஞ்சி வாங்கி வந்திருந்தார். அதன்மேல் அவருக்கு உயிர்.

மாமியார் மடி ஆசாரம் பார்ப்பவர். அந்த வீட்டில் இது எப்படி நடந்தது என்று எனக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது. அவரிடமே ஒருநாள் கேட்டேன்.

"கடல் ஜலம் தீர்த்தமாக்கும்" என்றார் அவர். "கூடத்துல இருந்தா தோஷமில்லே. அவன் அந்த இறாலை நறுக்கறானே, அது மட்டும் கெணத்தடிக்கு இந்தண்டை வரப்படாது. அதைத் தொட்ட கையோட அவனும் வரப்படாது."

அதனால் என் கணவர் தினமும் கிணற்றடிக்கு அப்பால், தென்னை மரத்தடியில் உட்கார்ந்து இறால் நறுக்குவார். நறுக்கி முடிந்ததும் கை கழுவி, தலையில் நாலு வாளி ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு வந்து மீனுக்குப் போடுவார். ஜலதோஷம் அவருக்கு நிரந்தரமாக இருந்தது.

எனக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. ஷிப்ட் முறை என்பதால் பாதி நாள் பகலில் வீட்டில் இருப்பேன். மாமியாரும் நானும் மட்டும். எங்களுக்குள் சண்டையும் கிடையாது, பேச்சும் கிடையாது. அவர் கேட்பார், "சாதம் வடிச்சாச்சா?" நான் சொல்வேன், "ஆச்சும்மா." அதற்குமேல் இருவருக்கும் விஷயம் இருக்காது.

அப்படி இருக்கும்போதுதான் போக்கிரி வந்தது.

அதை யாரும் வாங்கி வரவில்லை. ஒருமுறை புதிதாகக் கற்கள் கொண்டுவந்து தொட்டியில் வைத்தார். சில வாரம் கழித்து, புளியங்கொட்டை அளவில் ஒரு மீன் கல் இடுக்கிலிருந்து எட்டிப் பார்த்தது. ஏதோ பொந்துக்குள் ஒளிந்து பஸ் ஏறி வந்திருக்கிறது. முதுகில் இளமஞ்சள், உடம்பைச் சுற்றிக் கறுப்புப் பட்டைகள். என் கணவர் ஒரு குழந்தை பிறந்த மாதிரி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

புளியங்கொட்டை வளர்ந்து வடை அளவு ஆனதும் அதன் குணம் தெரிந்தது. தொட்டி முழுக்கத் தனக்கே பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி நடந்துகொண்டது. மஞ்சள் மீன் எந்தப் பக்கம் போனாலும் அங்கே பாய்ந்து வந்து அதன் வாலைக் கடிக்கும். இடது கோடியில் துரத்தும். மஞ்சள் மீன் வலது கோடிக்கு ஓடினால் அங்கேயும் வந்து நிற்கும். மஞ்சள் மீனின் துடுப்புகள் கந்தல் துணி மாதிரி ஆகிவிட்டன. பாவம், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஒரு மூலையில், சாப்பிடக்கூட இறங்காமல் ஒதுங்கி நின்றது.

"இது இங்க இருந்தா அது செத்துப் போயிடும்" என்றார் என் கணவர். "போக்கிரியைப் பிடிச்சுக் கடல்லயே கொண்டு விட்டுடணும்."

சொல்வதற்கு என்ன? கொசுவலைத் துணியைக் கம்பி வளையத்தில் தைத்து ஒரு வலை செய்துகொடுத்தேன். அதைத் தண்ணீருக்குள் நுழைக்கும்போதே போக்கிரி கற்குன்றுக்குள் போய்விடும். வலையை எடுத்தால் வெளியே வரும். வெளியே வந்து, கண்ணாடிக்கு அருகில் நின்று, எங்களைப் பார்க்கும். ஒருநாள் காலை, மீனுக்குக் கை பழகட்டும் என்று அசையாமல் நிற்பதாகச் சொல்லிவிட்டு அவர் வலையோடு கையை உள்ளே விட்டு நின்றார். விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கிப் போயிற்று. ஆபீஸ் பஸ் போய்விட்டது. சங்கு நண்டு ஒன்று அவர் மணிக்கட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. போக்கிரி மட்டும் வரவில்லை.

பிறகு ஊறுகாய் பாட்டிலைப் பொறியாக்கினார். வாயில் புனல் மாதிரி ஒன்றைச் செருகி, உள்ளே இறால் துண்டைப் போட்டு, தொட்டியில் படுக்க வைத்தார். உள்ளே போன மீன் வெளியே வர வழி தெரியாமல் மாட்டிக்கொள்ளும் என்பது கணக்கு. சாயங்காலம் பார்த்தால் பாட்டிலுக்குள் மஞ்சள் மீன் இருந்தது. வெளியே துரத்துவதற்கு ஆள் இருக்க, உள்ளே சாப்பாடும் பாதுகாப்பும் கிடைத்ததில் அது முதல்முறையாக நிம்மதியாக இருந்தது. அதை வெளியே எடுக்க நாங்கள் பட்ட பாடு தனி.

அவருடைய ஆபீஸ் நண்பர் ஒருவர் சின்னத் தூண்டில் முள் தருவதாகச் சொன்னார். மாமியார் காதில் அது விழுந்துவிட்டது.

"நம்ம ஆத்துக் கூடத்துல தூண்டில் போடப்போறியா? நான் ஆத்தங்கரைல போய் உக்காந்துடுவேன், கேட்டியோ!"

தூண்டில் யோசனை அதோடு போயிற்று.

எனக்கு மத்தியான ஷிப்ட் இருந்த ஒரு நாள். சமையல் முடிந்து, மாமியார் காக்கைக்குச் சாதம் வைத்துவிட்டு உள்ளே வந்தார். நான் அடுக்களையிலிருந்து கூடத்துக்கு வரும்போது அவர் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஆள்காட்டி விரல் நுனியில் ஒரே ஒரு பருக்கை. அது தண்ணீரைத் தொட்டதும் போக்கிரி விர்ரென்று வந்து விரலிலிருந்தே கவ்விக்கொண்டு போயிற்று. என் கணவர் வாரக்கணக்கில் தவம் கிடந்தும் வராத மீன்!

"அம்மா!" என்றேன்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். பிறகு சமாளித்துக்கொண்டு, "இங்க வந்து பாரேன்" என்று கூப்பிட்டார். "இந்த வீட்டுக்கு வந்த மீன்ல இது ஒண்ணாவது சைவமா இருக்கு. அந்த மஞ்சளுக்கு எத்தனை தரம் குடுத்தேன், மோந்துகூடப் பாக்கலே. இது சமத்து."

"சமத்தா? அதைப் போக்கிரின்னுன்னா சொல்றார் உங்க பிள்ளை!"

"சாப்பாடு விஷயத்துல போக்கிரிதான். இந்த மூலைல தின்னுட்டு, நான் அந்த மூலைக்குப் போறதுக்குள்ள அங்க வந்து இன்னும் தான்னு நிக்கும். என்ன பசியோ!"

அன்று இருவரும் தொட்டிக்கு முன்னால் நின்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். மீனில் ஆரம்பித்த பேச்சு, அவர் கல்யாணமாகி வந்த கதைக்கும் என் எக்ஸ்சேஞ்ச் கதைகளுக்கும் போயிற்று. டிரங்க் கால் போட்டுவிட்டு, மறுமுனையில் ஆள் கிடைத்ததும் சொல்ல வந்ததை மறந்துபோகிறவர்களைப் பற்றிச் சொன்னேன். அவர் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. ஷிப்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

தண்ணீரில் மிதந்த ஒரு பருக்கை விஷயத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டது. பொறிக்குள் மீன் ஏன் வரவில்லை என்று என் கணவருக்கு விளங்கியது. வயிறு நிறைந்த மீன் எதற்குப் பாட்டிலுக்குள் போகும்? அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சந்தோஷப்பட்டார்.

"உன் கைக்கு வறதுன்னா ரொம்ப சௌகரியமாப் போச்சும்மா. இந்தக் கைல பருக்கையைக் காட்டு. அந்தக் கையால வலையைப் போட்டுத் தூக்கிடு."

"அது என்கிட்ட நம்பி வறதாக்கும். சாதத்தைக் காட்டிப் பிடிக்கறதுக்கு நான் என்ன ராட்சசியா? மாட்டேன்."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில், அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொட்டியையே காலி செய்துவிடுவது என்று முடிவாயிற்று.

அன்று காலையிலேயே தெருவில் இருந்த பிளாஸ்டிக் வாளிகளெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தன. அண்டாவை எடுக்கப் போனேன். "செம்பும் பித்தளையும் ஆகாது, பட்டாலே செத்துடும்" என்று தடுத்துவிட்டார். ரப்பர் குழாயின் ஒரு முனையை வாயில் வைத்து உறிஞ்சித் தண்ணீரை இறக்கினார். அவ்வப்போது ஒரு வாய் கடலைக் குடித்தும் வைத்தார். மஞ்சள் மீன் சுலபமாக ஒரு வாளிக்கு வந்தது. நண்டுகளை நான் பொறுக்கினேன். பிறகு கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வாளிகளில் வைத்தோம். ஒரு கல்லை எடுத்தால் போக்கிரி அடுத்த கல்லின் பின்னால் போயிற்று. அதை எடுத்தால் அதற்கடுத்தது. கற்குன்று குறையக் குறைய எங்களுக்கு உற்சாகம் ஏறியது. மாமியார் அடுக்களை வாசற்படியிலிருந்து, "பாத்து, பாத்து, அடிபடப் போறது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அது எங்களுக்குச் சொன்னதில்லை, மீனுக்குச் சொன்னது.

கடைசிக் கல்லையும் எடுத்தாயிற்று. தொட்டியில் கணுக்காலளவு தண்ணீரும் மணலும்தான். மீன் இல்லை.

மணலைத் துழாவினார். இல்லை. தரையில் குதித்திருக்குமோ என்று தொட்டி இருந்த பெஞ்சுக்கு அடியில் தவழ்ந்து தேடினார். நான் அரிசி டின் பின்னால்கூடப் பார்த்தேன். கூடம் முழுக்க வாளிகள், ஈரம், கடல் வாசனை. நடுவில் என் கணவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"கல்லோடயே வாளிக்குப் போயிருக்குமோ?" என்றேன்.

சொல்லிக்கொண்டே, அருகில் இருந்த வாளிக்கு முன்னால் உட்கார்ந்து, அதிலிருந்து ஒரு கல்லைத் தூக்கினேன். தண்ணீர் வடிந்ததும் கல்லுக்குள்ளிருந்து படபடவென்று சத்தம் கேட்டது. பயத்தில் கல்லைக் கவிழ்த்துவிட்டேன். பொந்திலிருந்து போக்கிரி நேராக என் மடியில் விழுந்து துள்ளியது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. ஆனாலும் கை தானாக முந்தானையை அதன்மேல் போட்டு அமுக்கிவிட்டது. முதுகு முள் உள்ளங்கையில் சுருக்கென்று குத்தியது. விடவில்லை.

"பிடிச்சுட்டா! பிடிச்சுட்டா!" என்று என் கணவர் குதித்த குதியில் ஒரு வாளி கவிழ்ந்தது.

கற்களை அவசர அவசரமாகத் திரும்ப அடுக்கினோம். தண்ணீரை ஊற்றினோம். மணல் கலங்கித் தொட்டி காப்பி நிறத்தில் இருந்தது. ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் தானாகத் தெளியும் என்று விட்டுவிட்டு, போக்கிரியை மூடி போட்ட வாளியில் எடுத்துக்கொண்டு அவர் விழிஞ்ஞம் பஸ் ஏறினார். நான் வெற்றியைக் கொண்டாடச் சேமியா பாயசம் வைத்தேன். மாமியார் உம்மென்று இருந்தார். ஆனால் பாயசம் இரண்டு டம்ளர் குடித்தார்.

சாயங்காலம் என் கணவர் திரும்பி வந்து, பாயச டம்ளரோடு தொட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். தண்ணீர் தெளிந்திருந்தது. மஞ்சள் மீன் நடுவில் வந்து நீந்தியது. "பாரு, எத்தனை நாளைக்கப்புறம்!" என்று என்னைக் கூப்பிட்டார். நான் போய் நின்றேன்.

வலது கோடிக் கல்லுக்குப் பின்னாலிருந்து போக்கிரி வெளியே வந்தது.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "விட்டேளா, இல்லையா?" என்று கேட்டேன். "விட்டேனே! என் கண்ணால பாத்தேனே, பாறைக்கு அடில போச்சே!" என்றார். கணக்கு எழுதுகிற மனிதர், ஒரு நிமிஷம் உண்மையாகவே பயந்துபோனார் என்று நினைக்கிறேன்.

மாமியார் வந்து குனிந்து பார்த்தார். பார்த்தார், பார்த்தார், பிறகு கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"அடப் பாவமே! ரெண்டு பேரா? அதானே பாத்தேன். இந்த மூலைல தின்னுட்டு அந்த மூலைல வந்து பசிக்கறதுன்னு ஒரு மீன் எப்படி நிக்கும்? தீனிப் பண்டாரம்னு வைய வேற வைஞ்சேனே!"

யோசித்துப் பார்த்ததும் எல்லாம் புரிந்தது. அதே கற்களோடு இரண்டு குஞ்சுகள் வந்திருக்கின்றன. குன்றுக்கு இடது பக்கம் ஒருவனுக்கு, வலது பக்கம் ஒருவனுக்கு. ஒருவன் எல்லைக்கு வந்தால் மற்றவன் உள்ளே போய்விடுவான். மஞ்சள் மீன் இடது பக்கம் அடி வாங்கிக்கொண்டு வலது பக்கம் ஓடினால், அங்கே இன்னொருத்தன் காத்திருந்திருக்கிறான். நாங்கள் அதை ஒரே மீனின் வேகம் என்று வியந்துகொண்டிருந்தோம். அன்று நான் பிடித்தது ஒருவனை. மற்றவன் வேறொரு கல்லின் பொந்திலேயே இருந்து, வாளிக்குப் போய், கல்லோடு பத்திரமாக வீடு திரும்பியிருக்கிறான்.

என் கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாயசம் தரையில் சிந்தும்வரை சிரித்தார்.

மறுபடி தொட்டியைக் காலி செய்ய எங்களுக்குத் தெம்பு இல்லை. தேவையும் இருக்கவில்லை போலிருந்தது. மிஞ்சியவன் மாறிவிட்டான். மஞ்சள் மீனைத் துரத்துவதில்லை. இடது பக்கத்து எல்லைக்கு வந்து, அங்கே யாரும் இல்லாததைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பான். பருக்கையைக் காட்டினாலும் மெதுவாக வந்துதான் வாங்கினான்.

மாமியாருக்கு அது பொறுக்கவில்லை. "ஒத்தையா விட்டுட்டேளே" என்று ஆரம்பித்தார்.

"அம்மா, அதுகள் ரெண்டும் விரோதி. ஒண்ணை ஒண்ணு கண்டா ஆகாது."

"இருக்கட்டுமே. சண்டை போடறதுக்கும் ஒரு ஆள் வேணுமோல்லியோ? இதையும் கொண்டு போய் அது போன எடத்துலயே விட்டுடு."

"யார் பிடிக்கறது?"

"நான் பிடிக்கறேன்" என்றார் மாமியார். "இது அதோட நல்லதுக்காக்கும். இதுல வஞ்சனை கிடையாது."

மறுநாள் குளித்துவிட்டு வந்து, இடது கை விரலில் பருக்கையை வைத்தார். வலது கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. மீன் வந்தது. பருக்கையைக் கவ்வியது. அடியிலிருந்து டப்பாவைத் தூக்கினார். அவ்வளவுதான். வலை, பொறி, வாளி, குழாய் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு நாங்கள் மாதக்கணக்கில் செய்ததை, ஈரத் தலைமுடியின் முடிச்சுகூட அவிழாமல் செய்துவிட்டார். பிடித்ததோடு நிற்கவில்லை. தானும் விழிஞ்ஞத்துக்கு வருவேன் என்றார்.

மீன் கூடைகளுக்கு நடுவே மூக்கைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, வாளியின் கைப்பிடியை ஒரு பக்கம் தானே பிடித்துக்கொண்டு, அவர் துறைமுகத்தில் நடந்ததைப் பார்க்க ஒரு கூட்டமே கூடிவிட்டது. வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது விற்கானோ அம்மா?"

"விக்க இல்லே, கடல்ல விடான்" என்றார் மாமியார், தனக்குத் தெரிந்த மலையாளத்தில். கடலில் விடத்தான் என்று அர்த்தம்.

பெரியவர் சுற்றியிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டோடா! நம்மள் பாடுபட்டு பிடிச்சோண்டு வருந்நு, அம்மா பஸ் கூலி கொடுத்து கொண்டு விடுந்நு!"

நாம் பாடுபட்டுப் பிடித்து வருவதை இந்த அம்மா பஸ் காசு கொடுத்துக் கொண்டுவந்து விடுகிறாரே என்று சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் மற்ற எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். மாமியாரும் சிரித்தார். பெரியவரே கை நீட்டி, வழுக்காத பாறையாகப் பார்த்து அவரை இறக்கிவிட்டார். என் கணவர் வாளியைச் சாய்த்தார். பட்டை போட்ட அந்த உடம்பு ஒரு கணம் தயங்கி நின்றது. பிறகு பாறைக்கு அடியில் போய்விட்டது.

"மத்தது இங்கதானே இருக்கும்?" என்று மாமியார் கேட்டார்.

"இங்கதாம்மா விட்டேன்."

"சரி. பாத்துண்டா சரி. இல்லே, அடிச்சுண்டாலும் சரி."

வந்த வேலை முடிந்துவிட்டது. அவர் கரையேறவில்லை. அத்தனை வருஷம் அந்த ஊரில் இருந்தும், தர்ப்பணத்துக்கும் கோயில் ஆறாட்டு உற்சவத்துக்கும் சங்குமுகம் கடற்கரைக்குப் போனதைத் தவிர அவர் கடல் பக்கம் வந்ததில்லை. புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலையில் காலை நனைத்தார். அடுத்த அலை முழங்கால் வரை வந்தது. "ஏய், இங்க வாயேன், நீயும் வா" என்று என்னைக் கூப்பிட்டார். நான் செருப்பைக் கழற்றிப் பாறைமேல் வைத்துவிட்டு இறங்கினேன். என் கணவர் காலி வாளியோடு மேலே நின்றுகொண்டு, பஸ் போய்விடும், பஸ் போய்விடும் என்று கத்திக்கொண்டிருந்தார்.